நான்கு விரற்கடை

எங்கள் ஊர்ப்பக்கம் நெடுநாள் கழித்துச் சந்திக்கும் இருவர் முதலில் பேசிக்கொள்வது உடம்பைப் பற்றித்தான். "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்டால் அது அக்கறை. "கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்றால் அது வாழ்த்து. பஞ்சத்தின் நினைவு அழியாத ஒரு சமூகம் சதையைச் சேமிப்பாகக் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சதை ஓர் எல்லையைத் தாண்டியதும் நம் பேச்சின் குரல் சட்டென்று மாறிவிடுகிறது. அதன்பின் கேலி ஒன்றுதான் மிச்சம். வாழ்த்துக்கும் கேலிக்கும் நடுவே நின்று பருமனைப் பற்றி நிதானமாகப் பேச நமக்குப் பழக்கமில்லை. இதை நாங்கள் மிகத் தாமதமாக, எங்கள் அம்மாவின் முதுகில் ஆறாமல் கிடந்த ஒரு காயத்தின் வழியாகவே அறிந்துகொண்டோம்.

நாங்கள் என்பது இரண்டு பெண்கள், அக்காவும் தங்கையும். மாறி மாறிக் கண்விழித்த நாட்களைப் பற்றிய குறிப்பு இது என்பதால் ஒருவர் பெயரில் எழுத மனம் ஒப்பவில்லை. யார் எதைப் பார்த்தோம், யார் எதைத் தவறவிட்டோம் என்று பிரித்துச் சொல்லவும் விருப்பமில்லை. தவறவிட்டதில் இருவருக்கும் சமபங்கு உண்டு.

*

அம்மா சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். 1984இல் வேலைக்குச் சேர்ந்து 2016இல் ஓய்வு பெற்றாள். முப்பத்திரண்டு ஆண்டுகள் அரிசி மூட்டைக்கும் பருப்புக் கணக்குக்கும் நடுவே நின்றே கழித்தாள். ஓய்வு பெற்ற மறு ஆண்டிலிருந்து அவளால் நிற்க முடியவில்லை. ஐம்பது அடி நடந்தால் இரண்டு கால்களும் மரத்து, பின்தொடையில் தீப்பற்றியதுபோல் எரியும். எங்காவது உட்கார்ந்து முன்னோக்கிக் குனிந்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். கோயிலுக்குப் போகும் வழியில் எந்தெந்த வீட்டுத் திண்ணையில் உட்காரலாம் என்பது அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. பிறகு கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் இடுப்பின் நான்காவது முள்ளெலும்பு ஐந்தாவதன் மீது முன்னோக்கி வழுக்கியிருந்தது தெரிந்தது. நரம்புகள் இறங்கிவரும் குழாய் அந்த இடத்தில் நெரிந்திருந்தது. படம் பார்த்த மருத்துவர் எடையைக் கேட்டார். 91 கிலோ. உயரம் 152 செ.மீ. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் உடல் நிறை எண் 39.4. இந்தியர்களுக்கு 25ஐத் தாண்டினாலே பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட நெறிமுறை சொன்னது.

"எடையைக் குறைச்சிட்டு வாங்கம்மா. அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்" என்றார் அவர்.

அம்மா திரும்பிக் கேட்டது எங்களுக்கு இன்றும் நினைவிருக்கிறது. "நடந்தாத்தானே டாக்டர் குறையும்? நடக்க முடிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட வரேன்?"

ஆறு மாதம் முயன்றோம். அரிசியைக் குறைத்தாள்; இரவில் கேழ்வரகுக் கூழ் குடித்தாள்; நாற்காலியில் அமர்ந்தபடி கையசைக்கும் பயிற்சிகளைச் செய்தாள். நான்கு கிலோ குறைந்தது. அதற்குள் ஒருநாள், வலது காலில் செருப்பு கழன்று விழுந்ததையே உணராமல் வெறுங்காலோடு வீடுவரை நடந்து வந்தாள். பாதம் மேலே எழும்ப மறுத்தது. நரம்பு சாகத் தொடங்கிவிட்டது, இனிக் காத்திருக்க முடியாது என்று சொல்லி, அதே மருத்துவர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்.

*

முதுகெலும்பின் கணுக்களை ஒன்றோடொன்று இணைத்துவிடும் இந்த அறுவை சிகிச்சையின் வரலாற்றை நாங்கள் பின்னாளில்தான் படித்தோம். 1911இல் நியூயார்க்கில் ரஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பீ என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே இதைச் செய்து வெளியிட்டார்கள். அன்று அவர்கள் முன்னால் இருந்த பெரும் நோய் முதுகெலும்பைத் தாக்கும் காசநோய். கிருமி தின்ற எலும்பு மடிந்து கூனாகிவிடாமல் இருக்க, அக்கம்பக்கத்து எலும்புகளைச் சேர்த்து ஒட்டவைத்தார்கள். கிருமியின் விளைவைத் தடுக்கப் பிறந்த சிகிச்சையே கிருமிக்குப் புதிய வாசலைத் திறந்துவிடவும் கூடும் என்பது இதில் உள்ள முரண். பிறகு உலோகம் வந்தது. 1960களில் அமெரிக்காவில் ஹாரிங்டனின் தண்டுகளும் பிரான்சில் ராய்-கமீயின் திருகாணிகளும் வந்தன. அம்மாவின் இடுப்பில் நான்கு டைட்டானியம் திருகாணிகளும் அவற்றை இணைக்கும் இரண்டு தண்டுகளும் பொருத்தப்படவிருந்தன.

அறுவைக்கு முதல்நாள் மாலை மருத்துவர் எங்களை அழைத்து, கணினித் திரையில் அம்மாவின் இடுப்பைப் பக்கவாட்டில் காட்டினார். எலும்புகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் தசை. தசைக்குப் பின்னால், தோல் வரை, பளீரென்று வெள்ளையாக ஓர் அகலமான பட்டை. அதுதான் கொழுப்பு. அவர் திரையில் ஒரு கோடு இழுத்தார். தோலிலிருந்து எலும்பின் பின்தகடு வரை 74 மி.மீ. அதில் கொழுப்பு மட்டுமே 46. பிறகு தன் கையின் நான்கு விரல்களைச் சேர்த்துக் காட்டி, "இவ்வளவு ஆழத்துக்குள்ளதான் நாங்க வேலை செய்யணும்" என்றார்.

அவர் சொன்ன காரணங்களை இங்கே எங்கள் மொழியில் எழுதிவைக்கிறோம். யாருக்கேனும் பயன்படலாம்.

முதலாவது, கிணறு ஆழமானால் தூர்வாரும் நேரமும் கூடும். வெட்டு நீளமாகும், இருபுறத் தசையையும் கொழுப்பையும் விலக்கிப் பிடிக்கும் இரும்புக் கொக்கிகள் அதிக வலுவோடு, அதிக நேரம் அழுத்தும். அழுத்தப்பட்ட சதையின் ஓரங்கள் இரத்தமின்றிச் செத்துப்போகும். செத்த சதை கிருமிக்கு விருந்து.

இரண்டாவது, கொழுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்கள் இரத்தத்தில் வருகின்றன. அவை கொல்வதற்குத் தேவையான பிராணவாயுவும் இரத்தத்தில் வருகிறது. நாம் ஊசிவழி செலுத்தும் மருந்தும் இரத்தத்தில்தான் வருகிறது. பாதை குறுகலான இடத்துக்கு மூன்றுமே தாமதமாக, குறைவாகப் போய்ச் சேரும். அதனால்தான் அறுவைக்கு முன் போடும் செஃபசோலின் என்ற மருந்தின் அளவை எடையைப் பொறுத்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு 3 கிராம். கத்தி தொடுவதற்கு முன்னுள்ள ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடியும் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தைத்து மூடிய பிறகும் கொழுப்பு அடுக்குகள் ஒன்றோடொன்று சரியாகப் படியாமல் நடுவில் வெற்றிடம் நிற்கும். அங்கே நிணநீரும் இரத்தமும் தேங்கும். தேங்கிய நீரில் என்ன வளரும் என்பதை நம் ஊர்க் குட்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, சர்க்கரை. பருமனோடு அது பெரும்பாலும் சேர்ந்தே வரும். அம்மாவுக்கும் இருந்தது, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. ஆனால் அறுவை சிகிச்சை என்ற அதிர்ச்சியே சர்க்கரையை ஏற்றிவிடும். ஏறிய சர்க்கரையில் வெள்ளணுக்கள் சோம்பிப்போகும்.

"எல்லாருக்கும் வராது. பருமனா இருக்கறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்லை. மத்தவங்களைவிட வாய்ப்பு சுமார் ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கங்க" என்றார். நாங்கள் தலையாட்டினோம். கையெழுத்துப் போட்டோம். அறையில் அம்மா இல்லை. அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள் என்று நாங்களே கேட்டுக்கொண்டோம். இந்தக் கட்டுரையில் நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் பிழை அதுதான்.

*

அறுவை ஐந்து மணி நேரம் நடந்தது. மூன்றாம் நாள் அம்மா எழுந்து நின்றாள். கால் எரிச்சல் போயே போய்விட்டது. வராந்தாவின் கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்பியவள், ஏதோ திருடிவிட்டு வந்த குழந்தைபோல் சிரித்தாள். ஏழாம் நாள் வீட்டுக்கு வந்தோம்.

பதின்மூன்றாம் நாள் இளையவள் அம்மாவின் இரவு உடையைத் துவைக்கப் போடும்போது இடுப்புப் பகுதியில் நாலணா அளவில் ஒரு கறையைப் பார்த்தாள். வெளிர் மஞ்சள். வியர்வை என்று நினைத்தாள். மே மாதம், மின்விசிறி அனல் காற்றைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் மூத்தவள் படுக்கை விரிப்பில் அதேபோன்ற கறையைப் பார்த்துவிட்டு, தலைக்குத் தேய்த்த எண்ணெய் என்று நினைத்தாள். இருவரும் இதை ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. பதினாறாம் நாள் இரவு அம்மாவுக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. புரட்டிப் படுக்கவைத்துக் கட்டைப் பிரித்தபோது தையலின் கீழ்முனையிலிருந்து சீழ் வழிந்தது. அந்த வாடையைப் பற்றி எழுதத் தேவையில்லை.

மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் அம்மா சொன்னாள். "நாலு நாளா ஈரமாத்தான் இருந்துச்சு. நான்தான் பழைய துணிய மடிச்சு வெச்சு வெச்சு எடுத்தேன்."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா என்ன சொல்லுவாங்க? குண்டா இருக்கா, அதான்னு சொல்லுவாங்க. அந்த நர்ஸுப் பொண்ணு அன்னிக்கே என்னைத் திருப்பிப் படுக்கவைக்க ரெண்டு பேரைக் கூப்பிட்டுச்சு. அவங்க சிரிச்சாங்க."

அந்தச் சிரிப்பு அம்மாவைக் குறித்ததாக இல்லாமலும் இருந்திருக்கலாம். அதை இனி யாரும் அறிய முடியாது. ஆனால் எங்களை வாயடைக்கவைத்தது வேறொன்று. காயம் நனைவதே முதல் அறிகுறி என்று மருத்துவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது தெரியாது. அவள் பயந்துவிடக் கூடாதென்று நாங்கள் மறைத்தோம். நாங்கள் கேலிசெய்துவிடக் கூடாதென்று அவள் மறைத்தாள். இந்த இரு மறைப்புகளுக்கும் நடுவே கிருமிக்கு நான்கு நாள் கிடைத்தது.

*

அந்த நான்கு நாள் ஏன் பெரிது என்பதைப் பிறகு புரிந்துகொண்டோம். 1957இல் எலக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஒரு சோதனை செய்தார்கள். வெறும் தோலுக்கடியில் சீழ் உண்டாக்க ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் பத்து லட்சக் கணக்கில் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. உடலுக்கு அந்நியமான ஒரு பொருள் உள்ளே இருந்தால் கிருமியின் பலம் அத்தனை மடங்கு பெருகிவிடுகிறது. ஒரு நூலுக்கே இப்படி என்றால் நான்கு திருகாணிகளையும் இரண்டு தண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்ட கிருமிகள் நாளடைவில் தங்களைச் சுற்றிப் பிசின்போன்ற ஒரு படலத்தைக் கட்டிக்கொள்கின்றன. படலம் முதிர்ந்துவிட்டால் மருந்து உள்ளே புகாது. உலோகத்தையே கழற்றியெடுக்க வேண்டிவரும். எலும்பு ஒட்டுவதற்குள் கழற்றினால் முதுகு மறுபடியும் வழுக்கும்.

அம்மாவுக்கு உலோகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். மூன்று நாள் இடைவெளியில் இருமுறை காயத்தை முழுதாகத் திறந்து, செத்த சதையை வெட்டியெடுத்து, லிட்டர் லிட்டராக உப்புநீர் விட்டுக் கழுவினார்கள். பிறகு குழியில் பஞ்சுநுரையை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஒரு சிறிய பம்பின் குழாயை அதில் செருகினார்கள். அது இரவும் பகலும் கசிவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தப் பம்பின் முனகலோடு பதினெட்டு இரவுகள் தூங்கினோம். ஆறு வாரம் இரத்தக் குழாய் வழியாக மருந்து. அதன்பின் மூன்று மாதம் மாத்திரை. அம்மாவின் ஓய்வுக்காலப் பணம் முழுவதும் கரைந்தது. தங்கை வளையல்களை அடகுவைத்தாள். அக்கா அலுவலகத்தில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள்.

அந்த நாட்களில்தான் உணவியல் ஆலோசகர் ஒருவர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, அம்மாவுக்குப் புரதச்சத்து மிகவும் குறைந்திருக்கிறது என்றார். நாங்கள் நம்பவில்லை. தொண்ணூறு கிலோ உடம்பில் குறைவா? அவர் பொறுமையாக விளக்கினார். உடம்பு பெருத்திருப்பதும் ஊட்டம் பெற்றிருப்பதும் வேறுவேறு. காயம் ஆறுவதற்குக் கல்லும் மணலும் புரதம்தான். கிடங்கு நிறைய விறகு அடுக்கியிருந்தாலும் சுவர் எழுப்பச் செங்கல் வேண்டுமல்லவா? ஆறு மாதம் எடை குறைக்கிறோம் என்று சொல்லி அம்மா கேழ்வரகுக் கூழும் மோருமாகக் குடித்ததில் இருந்த செங்கல்லும் போய்விட்டிருக்க வேண்டும்.

அதற்கும் முன்பே போயிருக்கலாம். பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குத் தட்டில் முட்டை விழுகிறதா என்று எண்ணிப் பார்த்தவள் அம்மா. கணக்கில் ஒரு முட்டை குறையக் கூடாது என்பதில் கறாராக இருந்தாள். வீட்டுக்கு வந்தால் மூன்று மணிக்கு ஆறிய சோற்றில் குழம்பின் அடியை வழித்து ஊற்றிப் பிசைந்து தின்பாள். நிறையத் தின்பாள், ஏனென்றால் காலையில் ஒன்றும் தின்றிருக்க மாட்டாள். எங்களுக்கு வாங்கிய முட்டையில் அவளுக்கு ஒன்று வைத்ததாக நினைவில்லை. அவள் உடம்பில் சேர்ந்தது வசதியின் கொழுப்பு என்று நாங்களும் ஊரைப் போலவே நினைத்திருந்தோம். அது நேரமின்மையின் கொழுப்பு. மலிவான அரிசியின் கொழுப்பு.

*

உடல் நிறை எண்ணை வகுத்தவர் மருத்துவரே அல்லர் என்பதைப் படித்தபோது வியப்பாக இருந்தது. அடால்ஃப் கெத்லே என்ற பெல்ஜிய வானியலாளர் அவர். விண்மீன் கணக்கில் தேர்ந்தவர் மனிதக் கூட்டத்துக்கும் கணக்குப் போட்டு, 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று 1830களில் தேடினார். எடைக்கும் உயரத்தின் வர்க்கத்துக்கும் உள்ள உறவு அந்தத் தேடலில் கிடைத்தது. 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் அதை எடுத்து இன்றைய பெயரைச் சூட்டினார்கள். மக்கள்தொகையை அளப்பதற்கு உகந்த அளவுகோல். தனியொருவரின் உடம்பில் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இடுப்பு முள்ளெலும்பு அறுவைக்குப் பின் கிருமித்தொற்று வருவதை முன்னறிய இந்த எண்ணைவிட, வெட்டும் இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் உள்ள தூரமும் கொழுப்பின் தடிமனும் மேலானவை என்று கண்டது. ஒரே 39.4 உள்ள இரு பெண்களில் ஒருத்திக்குச் சதை வயிற்றில் இருக்கலாம், மற்றவளுக்கு முதுகில். அம்மாவின் மருத்துவர் திரையில் கோடு இழுத்ததும் விரல்களைச் சேர்த்துக் காட்டியதும் இதனால்தான்.

எங்களுக்கு இந்தச் செய்தி வேறு விதத்திலும் ஆறுதலாக இருந்தது. 'குண்டு' என்பது ஒரு மனிதர் மீது ஒட்டப்படும் தீர்ப்பு. '46 மி.மீ.' என்பது ஓர் இடத்தின் அளவு. தீர்ப்பைக் கேட்டவர் தலைகுனிந்து ஒளிந்துகொள்வார். அளவைக் கேட்டவர், அப்படியானால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார். அம்மாவிடம் அறுவைக்கு முன்பே இந்த அளவைச் சொல்லியிருந்தால், "இங்கே ஆழம் அதிகம், அதனால் ஈரம் கசியலாம், கசிந்தால் அன்றைக்கே சொல்" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவள் சொல்லியிருப்பாள். முட்டைக் கணக்கைப் பிசகாமல் பார்த்தவள் இதையும் பார்த்திருப்பாள். தொற்று அப்போதும் வந்திருக்கலாம். நான்கு நாள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பருமன் ஆபத்தே இல்லை என்று சொல்ல நாங்கள் இதை எழுதவில்லை. ஆபத்துதான், அதன் விலையை எண்ணிக் கொடுத்தவர்கள் நாங்கள். காத்திருக்க முடிந்த அறுவையானால் எடையைக் குறைத்து, சர்க்கரையைக் கட்டி, புரதத்தை ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. ஆனால் ஆபத்தை அவமானமாக மாற்றிவிட்டால் நோயாளி அதை மறைக்கத்தான் செய்வார்.

*

ஆண்டுகள் சில கடந்துவிட்டன. அம்மா கோல் ஊன்றி ரேஷன் கடைவரை போய்வருகிறாள். வழியில் திண்ணைகளில் உட்காருவதில்லை; உட்கார்ந்தாலும் பேசுவதற்காகத்தான். எடை 82 கிலோ. தினமும் ஒரு முட்டை சாப்பிடுகிறாள்; முதலில் எங்கள் கட்டாயத்துக்காக, இப்போது தானாகவே. சென்ற பொங்கலுக்கு வந்த அத்தை, "என்ன அண்ணி, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்று அங்கலாய்த்தபோது அம்மா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

முதுகின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளமான தழும்பு இருக்கிறது. அவளால் அதைப் பார்க்க முடியாது. குளித்துவிட்டு வந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு, எங்களில் யார் வீட்டில் இருக்கிறோமோ அவருக்கு முதுகைக் காட்டி நிற்பாள்.

"காஞ்சிருக்காடி?" என்று கேட்பாள்.

விரலால் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வோம், "காஞ்சிருக்கும்மா."